ஒரே பங்குக்கு இரண்டு ரேங்க்: சந்தையோடும் துறையோடும் ஒப்பிட்டு வரிசைப்படுத்துவது எப்படி

ஒரு பங்கின் பிஇ, அதாவது பங்கு விலையை ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தால் வகுத்த எண், 22. இது மலிவா, விலை அதிகமா? அந்த எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. பொதுத்துறை வங்கிகளுக்கு நடுவே 22 மிக அதிகம். சோப்பு, பற்பசை, பிஸ்கட் விற்கும் பெரிய நிறுவனங்களுக்கு நடுவே அது அரிதாகக் கிடைக்கும் மலிவு விலை. எண் ஒன்றுதான். அது எந்த வரிசையில் நிற்கிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது.

பொறியியல் கலந்தாய்வுக்குப் பிள்ளையை அழைத்துப் போனவர்களுக்கு இது பழகிய சங்கதி. ஒரே கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்குப் பொது ரேங்க் ஒன்று வரும், சமூகப் பிரிவு ரேங்க் ஒன்று வரும். இரண்டையும் பார்த்துத்தான் எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று கணக்குப் போடுவோம். பங்குக்கும் அப்படியே இரண்டு ரேங்க் போட வேண்டும்: மொத்தச் சந்தையில் ஒன்று, அதன் துறைக்குள் ஒன்று. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்கிவிடக் கூடாது. இரண்டுக்கும் இடையே விழும் இடைவெளியில்தான் உபயோகமான தகவல் இருக்கிறது.

முதலில் விலையை மறந்துவிடுங்கள்

எம்ஆர்எஃப் பங்கின் விலை 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அப்போலோ டயர்ஸ் பங்கு சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. இதை வைத்து எம்ஆர்எஃப் விலை உயர்ந்த பங்கு என்று நினைப்பவர்கள் இன்றும் ஏராளம். எம்ஆர்எஃப் வெளியிட்டிருக்கும் மொத்தப் பங்குகள் சுமார் 42.4 லட்சம். ஒரு பங்கு ஒரு லட்சம் என்றால் கம்பெனியின் சந்தை மதிப்பு சுமார் 42,400 கோடி. அப்போலோவிடம் சுமார் 63.5 கோடிப் பங்குகள் உள்ளன. ஒரு பங்கு 400 ரூபாய் என்று வைத்தால் 25,400 கோடி. ஒரு பங்கின் விலையில் 250 மடங்கு வித்தியாசம், கம்பெனியின் மதிப்பில் இரண்டு மடங்குகூட இல்லை. ஆகவே பட்டியலில் விலைக்கு ஒரு நெடுவரிசை போதும். ரேங்க் போடும் எந்தக் கணக்கிலும் அது தனியாக வரக் கூடாது.

யாரோடு ஒப்பிடுவது

சந்தை ரேங்குக்கு நிஃப்டி 500, அதாவது என்எஸ்இ-யின் 500 பெரிய கம்பெனிகளின் பட்டியல், போதும். அதற்கும் கீழே போனால், நினைத்த நேரத்தில் வாங்கவோ விற்கவோ முடியாத பங்குகள் பட்டியலின் தலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

துறை ரேங்குக்குத்தான் மெனக்கெட வேண்டும். என்எஸ்இ, பிஎஸ்இ ஆகிய இரு பங்குச் சந்தைகளிலும் நான்கடுக்கு வகைப்பாடு நடைமுறையில் உள்ளது. மேலே 12 பெரும் பொருளாதாரப் பிரிவுகள், அதன் கீழ் 22 துறைகள், 59 தொழில்கள், கடைசியில் 197 அடிப்படைத் தொழில்கள். கடைசி அடுக்கிலிருந்து தொடங்குங்கள். அங்கே எட்டுப் பத்துக் கம்பெனிகளாவது இருந்தால் அதுவே உங்கள் போட்டியாளர் பட்டியல். மூன்று நான்குதான் இருக்கின்றன என்றால் ஓர் அடுக்கு மேலே ஏறுங்கள். மூன்று பேர் ஓடிய பந்தயத்தில் இரண்டாமிடம் வந்தது பெரிய செய்தி ஆகாது.

வகைப்பாட்டை அப்படியே நம்பியும் இருந்துவிடாதீர்கள். டயர் வரிசையில் எம்ஆர்எஃப், அப்போலோ, சியட், ஜேகே டயர் ஆகியவை உள்நாட்டு லாரி, கார், பைக் சந்தையில் நேருக்கு நேர் மோதுபவை. அதே வரிசையில் நிற்கும் பாலகிருஷ்ணா இண்டஸ்ட்ரீஸ் டிராக்டர், சுரங்க வாகனம் போன்றவற்றுக்கான டயர்களைப் பெருமளவு ஏற்றுமதி செய்கிறது. அதன் லாப விகிதம் மற்றவர்களைவிட உயரத்தில் இருப்பதற்குத் தொழில் வேறு என்பது பெரிய காரணம். மதுரையைச் சேர்ந்த டிவிஎஸ் ஸ்ரீசக்ரா, இருசக்கர வாகன டயரில் ஊன்றிய கம்பெனி. இப்படிப்பட்டவற்றைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்தால் ரேங்கைப் பார்க்கும்போது ஏமாற மாட்டீர்கள்.

பல தொழில் நடத்தும் குழுமங்கள் எந்த வரிசையிலும் சரியாகப் பொருந்தாது. ரிலையன்ஸை எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனங்களோடு நிறுத்தினால் ஜியோவும் சில்லறை வணிகமும் கணக்கைக் குழப்பும். இவற்றுக்குச் சந்தை ரேங்க் மட்டும் போட்டுவிட்டு, துறை ரேங்கைக் காலியாக விடுவதே நேர்மை.

எந்தத் தேதியில் எடுப்பது

பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியின் விதிப்படி காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் முடிவுகள் வர வேண்டும். மார்ச்சில் முடியும் ஆண்டுக் கணக்குக்கு 60 நாள் அவகாசம். ஜூலை 25-ஆம் தேதி ரேங்க் போட்டால் சில கம்பெனிகளுக்கு ஜூன் காலாண்டு இருக்கும், மீதிக்கு மார்ச்சோடு நின்றிருக்கும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது போலத்தான் அது. பிப்ரவரி 14, மே 30, ஆகஸ்ட் 14, நவம்பர் 14 ஆகிய தேதிகளுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் விட்டு எடுங்கள். இருப்புநிலைக் குறிப்பும் பணப்புழக்க அறிக்கையும் செப்டம்பருக்கும் மார்ச்சுக்கும் மட்டுமே கட்டாயம். ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் நீங்கள் பார்க்கும் கடன் விகிதம் முந்தைய அரையாண்டினுடையது என்பது நினைவில் இருக்கட்டும்.

எல்லாக் கம்பெனிக்கும் துணை நிறுவனங்களையும் சேர்த்த கன்சாலிடேட்டட் கணக்கையே எடுங்கள். துணை நிறுவனமே இல்லாத கம்பெனிக்கு மட்டும் ஸ்டாண்டலோன், அதாவது தனிக் கணக்கு. லாபம் என்னும் இடத்தில் 'உரிமையாளர்களுக்குச் சேரும் லாபம்' என்ற வரியைத்தான் எடுக்க வேண்டும். கிராசிமின் கன்சாலிடேட்டட் கணக்கில் அல்ட்ராடெக் சிமென்ட்டின் முழு லாபமும் வந்து நிற்கும். ஆனால் அல்ட்ராடெக்கில் கிராசிமின் பங்கு பாதிக்குச் சற்று மேல்தான். மொத்த லாபத்தை வைத்து பிஇ போட்டால் கிராசிம் உண்மையைவிட மலிவாகத் தெரியும்.

எந்த அளவுகோல்கள்

நான்கு கூடைகள் வைத்துக்கொள்ளுங்கள்: மதிப்பீடு, தரம், வளர்ச்சி, பாதுகாப்பு. ஒவ்வொன்றிலும் இரண்டு, அதிகம் போனால் மூன்று அளவுகோல்கள். இருபது அளவுகோல் போட்டால் துல்லியம் கூடும் என்று தோன்றும். உண்மையில் ஆர்ஓஇ (பங்குதாரர் பணத்தின் மீதான லாபம்), ஆர்ஓசிஇ (கடனையும் சேர்த்துப் போட்ட மொத்த முதலின் மீதான லாபம்), நிகர லாப விகிதம், செயல்பாட்டு லாப விகிதம் என்று நான்கையும் சேர்த்தால், ஒரே விஷயத்தை நான்கு முறை எண்ணுகிறீர்கள்.

மதிப்பீட்டுக்கு இரண்டு: பிஇ-யைத் தலைகீழாக்கிய 'வருவாய் ஈட்டு', அதாவது லாபத்தை விலையால் வகுத்த சதவீதம்; கம்பெனியின் மதிப்பை அதன் கடனையும் சேர்த்து எடுத்து, வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபத்தால் வகுக்கும் இவி-இபிட்டா விகிதம். தரத்துக்கு ஆர்ஓசிஇ, கூடவே லாபத்தில் எவ்வளவு ரொக்கமாகக் கைக்கு வந்தது என்ற விகிதம், அதுவும் ஐந்தாண்டுக் கூட்டுத்தொகையில். வளர்ச்சிக்கு ஐந்தாண்டு விற்பனை வளர்ச்சியும் ஒரு பங்குக்கான லாபத்தின் வளர்ச்சியும். மொத்த லாபத்தின் வளர்ச்சியை எடுக்காதீர்கள். புதுப் பங்குகளை வெளியிட்டு இன்னொரு கம்பெனியை வாங்கினால் மொத்த லாபம் ஏறும், உங்கள் பங்குக்கு ஒன்றும் கூடியிருக்காது. பாதுகாப்புக்குக் கடன்-மூலதன விகிதமும், வட்டியைக் கட்டும் திறனும்.

வங்கிக்கும் என்பிஎஃப்சிக்கும் (வங்கியல்லாத நிதி நிறுவனம்) இந்தப் பட்டியல் உதவாது. கடன் வாங்குவதுதான் அவற்றின் மூலப்பொருள். அங்கே சொத்தின் மீதான வருவாய், நிகர வட்டி வரம்பு (வாங்கும் வட்டிக்கும் கொடுக்கும் வட்டிக்கும் உள்ள இடைவெளி), மொத்த வாராக்கடன் விகிதம், நடப்பு-சேமிப்புக் கணக்கு வைப்புகளின் பங்கு, விலைக்கும் புத்தக மதிப்புக்குமான விகிதம் ஆகியவை வேண்டும். கும்பகோணத்தின் சிட்டி யூனியன் வங்கி, கரூர் வைஸ்யா வங்கி, தூத்துக்குடியின் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆகியவற்றை சவுத் இந்தியன், ஃபெடரல், கர்நாடகா வங்கிகளோடு நிறுத்திப் பாருங்கள். பழமையில் ஓரளவு ஒத்த வரிசை அது. எச்டிஎஃப்சி வங்கியோடும் சிறு நிதி வங்கிகளோடும் ஒரே வரிசையில் நிறுத்தினால் ரேங்க் வரும், அர்த்தம் வராது.

பிஇ-யை ஏன் தலைகீழாக்க வேண்டும்

புதிதாக ரேங்க் போடுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. பிஇ குறைவாக இருந்தால் நல்லது என்று வைத்து ஏறுவரிசையில் அடுக்குகிறோம். ஒரு கம்பெனி பங்குக்கு 6 ரூபாய் நஷ்டம், பங்கு விலை 150 என்றால் பிஇ மைனஸ் 25. ஏறுவரிசையில் அதுதான் முதலிடம்! நஷ்டக் கம்பெனி பட்டியலின் தலையில் மகுடம் சூடி நிற்கும். லாபத்தை விலையால் வகுத்து வருவாய் ஈட்டாக மாற்றினால் அது மைனஸ் 4 சதவீதம் ஆகி, கடைசியில் போய் நிற்கும். பிஇ 12 என்பது 8.3 சதவீதம், பிஇ 40 என்பது 2.5 சதவீதம். வரிசை ஒழுங்காக வந்துவிடும்.

ஆர்ஓஇ-யில் இதைவிடப் பொல்லாத பொறி உண்டு. இண்டிகோவை நடத்தும் இன்டர்குளோப் ஏவியேஷனின் நிகர மதிப்பு (சொத்தில் கடன்களைக் கழித்த மீதி) 2022, 2023 மார்ச் முடிவுகளில் எதிர்மறையாக இருந்தது. இரண்டு ஆண்டுகளும் நஷ்டம். எதிர்மறையை எதிர்மறையால் வகுத்தால் விடை நேர்மறை. நஷ்டத்தில் இருந்த கம்பெனிக்கு உயர்ந்த ஆர்ஓஇ காட்டும் பட்டியல் அப்படித்தான் பிறக்கிறது. நிகர மதிப்பு எதிர்மறை என்றால் அந்தக் கட்டத்தில் கணக்கே போடாமல், கடைசி இடத்தைக் கையால் கொடுங்கள்.

கணக்குப் போடுவோம்

ரேங்கை 0 முதல் 100 வரையான புள்ளியாக மாற்ற வேண்டும். ஒரு கம்பெனி அந்த வரிசையில் எத்தனை கம்பெனிகளை முந்துகிறது என்று எண்ணி, மொத்த எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வரும் எண்ணால் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் புள்ளி கிடைக்கும். எக்செல்லில் 'கவுன்ட்இஃப்ஸ்' ஃபார்முலாவுக்கு இரண்டு நிபந்தனைகள் கொடுங்கள்: துறைப் பெயர் இதே துறையாக இருக்க வேண்டும், மதிப்பு இதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். துறை நிபந்தனையை எடுத்துவிட்டு, சந்தையின் மொத்த எண்ணிக்கையை வைத்து வகுத்தால் அதே ஃபார்முலா சந்தை ரேங்கைத் தரும். குறைவாக இருந்தால் நல்லது என்ற அளவுகோல்களுக்கு 'அதிகம்' என்று திருப்பிப் போடுங்கள்.

ஆறு கம்பெனிகள் உள்ள ஒரு துறை. எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை.

| கம்பெனி | பிஇ | ஆர்ஓசிஇ % | விற்பனை வளர்ச்சி % | கடன் விகிதம் |
|---|---|---|---|---|
| அ | 12 | 9 | 6 | 1.4 |
| ஆ | 16 | 17 | 11 | 0.2 |
| இ | 20 | 14 | 13 | 0.8 |
| ஈ | 25 | 22 | 9 | 0.5 |
| உ | 40 | 19 | 16 | 0.3 |
| ஊ | நஷ்டம் | 3 | 4 | 2.1 |

'ஆ'வை எடுப்போம். மலிவில் நான்கு பேரை முந்துகிறது: 5-இல் 4, அதாவது 80 புள்ளி. ஆர்ஓசிஇ-யில் மூவரை முந்தி 60. வளர்ச்சியிலும் 60. கடன் எல்லாரையும்விடக் குறைவு, 100. சராசரி 75. இதேபோல் 'உ'வுக்கு 20, 80, 100, 80, சராசரி 70. 'ஈ' 60, 'இ' 55. எல்லாரையும்விட மலிவான 'அ'வுக்கு 40 மட்டுமே. மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது என்று மற்ற மூன்று நெடுவரிசைகளும் சொல்கின்றன.

இப்போது வளர்ச்சிக்கு மட்டும் இரட்டை எடை கொடுத்துப் பாருங்கள். 'உ' 76, 'ஆ' 72. முதலிடம் கைமாறிவிட்டது. எண்கள் எதுவும் மாறவில்லை, நம் விருப்பம்தான் மாறியது. அதனால்தான் எடையை, பெயர்களைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்து எழுதி வைத்துவிட வேண்டும். மனதுக்குப் பிடித்த பங்கு மேலே வரும்வரை எடையை நகர்த்திக்கொண்டே போனால், அந்தப் பட்டியல் நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொள்ளும் காகிதம். குழப்பமாக இருந்தால் நான்கு கூடைக்கும் சம எடை கொடுங்கள். ஐந்து புள்ளி வித்தியாசத்தை வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

புள்ளிக்கு ஒரு குறை உண்டு: இடைவெளியின் அளவை அது மறைத்துவிடும். ஆர்ஓசிஇ 19-ஐ முந்திய 22-க்கும் 100 புள்ளிதான், 60 வாங்கியிருந்தாலும் 100 புள்ளிதான். ஆகவே புள்ளிப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே மூல எண்களும் இருக்கட்டும். ஏதாவது ஓர் எண் கிடைக்காவிட்டால் அங்கே சுழியம் போடாதீர்கள். கிடைத்தவற்றுக்கு மட்டும் சராசரி எடுங்கள். கால்வாசிக்கு மேல் காலி என்றால் அந்தக் கம்பெனியை அந்த முறை விட்டுவிடலாம்.

சந்தை ரேங்குக்கு ஒரு திருத்தம் தேவை. கடன் விகிதம், ஆர்ஓசிஇ, இவி-இபிட்டா ஆகியவற்றில் நிதித்துறைக் கம்பெனிகளை எண்ணிக்கையிலிருந்தே நீக்கிவிட்டு வகுக்க வேண்டும். இல்லையென்றால் கடன் விகித வரிசையின் அடியில் வங்கிகள் குவிந்து, மற்ற எல்லாரும் சும்மாவே நல்ல பிள்ளைகளாகத் தெரிவார்கள்.

இரண்டு ரேங்கையும் சேர்த்துப் படிப்பது

துறையில் 85, சந்தையில் 80 என்றால் சிக்கல் இல்லை. அடுத்த கட்ட வாசிப்புக்கு எடுத்து வையுங்கள்.

துறையில் 90, சந்தையில் 35 என்றால் அந்தத் துறையே சோர்ந்து கிடக்கிறது, அதில் இது தலைநிமிர்ந்து நிற்கிறது. துறை மீண்டால் முதலில் ஓடக்கூடியது. மீளாவிட்டால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். இங்கே நீங்கள் கம்பெனியை மட்டும் வாங்கவில்லை, துறையின் மீட்சியையும் சேர்த்தே வாங்குகிறீர்கள்.

துறையில் 30, சந்தையில் 75 வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். மொத்தத் துறைக்கும் நல்ல காலம் நடக்கிறது, அந்த வெள்ளத்தில் சுமாரான கம்பெனியும் மிதக்கிறது. உருக்கு, சர்க்கரை, வேதிப்பொருள் துறைகளில் இது அடிக்கடி நடக்கும். பொருளின் விலை உச்சத்தில் இருக்கும்போது லாபம் வீங்கி, பிஇ ஐந்து ஆறு என்று இறங்கி, சந்தையிலேயே மிக மலிவான பங்காகத் தெரியும். விலை சரிந்ததும் லாபம் கரையும். இத்தகைய துறைகளுக்கு ஓராண்டு லாபத்தை வைத்து ரேங்க் போடுவதே தவறு. ஏழு முதல் பத்து ஆண்டுகளின் சராசரி லாபத்தை எடுத்து வருவாய் ஈட்டைக் கணக்கிடுங்கள்.

டயரிலும் இதன் சாயல் உண்டு. எம்ஆர்எஃப்பின் நிகர லாபம் 2022-23-இல் சுமார் 770 கோடி, 2023-24-இல் சுமார் 2,080 கோடி. அந்த ஆண்டு விற்பனை 10 சதவீதம்கூட உயரவில்லை. ரப்பர், கச்சா எண்ணெய் சார்ந்த மூலப்பொருள்களின் செலவு இறங்கியதுதான் பெரிய காரணம். ஓராண்டு லாப வளர்ச்சியை அளவுகோலாக வைத்திருந்தால் அந்த மே மாதம் டயர்த் துறையே சந்தையின் உச்சியில் நின்றிருக்கும்.

எண்ணே பொய் சொல்லும் இடங்கள்

ஒருமுறை லாபம். ஐடிசி-யிலிருந்து ஹோட்டல் தொழில் 2025 ஜனவரி 1 முதல் தனியாகப் பிரிந்தது. அதன் கணக்கியல் ஆதாயம் 15,000 கோடிக்கு மேல், 2025 மார்ச் காலாண்டு லாபத்தில் வந்து சேர்ந்தது. சிகரெட்டிலோ மாவிலோ கிடைத்த பணம் கிடையாது அது. அடுத்த நான்கு காலாண்டுகளுக்கு, இதைக் கழிக்காத பட்டியல்களில் ஐடிசி அளவுக்கு மீறி மலிவாகத் தெரிந்திருக்கும். பட்டியலின் முதல் இருபது பெயர்களுக்காவது 'விதிவிலக்கான இனங்கள்' என்ற வரியைத் திறந்து பாருங்கள்.

நீண்ட ஆண்டு. ஏசிசி, அம்புஜா இரண்டும் டிசம்பரிலிருந்து மார்ச்சுக்கு மாறியபோது 2022 ஜனவரி முதல் 2023 மார்ச் வரை 15 மாதங்களை ஒரே நிதியாண்டாகக் காட்டின. நெஸ்லே இந்தியாவும் 2023 ஜனவரி முதல் 2024 மார்ச் வரை அதையே செய்தது. அந்த ஆண்டில் வளர்ச்சி கூடியதுபோலவும், அடுத்த ஆண்டில் சரிந்ததுபோலவும் தெரியும். 12 மாதத்துக்குச் சுருக்கிய பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

குத்தகைக் கடன். 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்த்-ஏஎஸ் 116 என்ற கணக்கியல் விதி, கடை வாடகை, விமானக் குத்தகை போன்றவற்றைக் கடனாகப் பதிவு செய்யச் சொல்கிறது. சில்லறை விற்பனைக் கம்பெனிகளின் கடன் விகிதம் ஒரே நாளில் எகிறியது அதனால்தான். துறைக்குள் ஒப்பிடும்போது பெரும்பாலும் பாதிப்பில்லை. சந்தையோடு ஒப்பிடும்போது குத்தகையை நீக்கிய கடனை எடுங்கள்.

அடிப்படை ஆண்டின் பள்ளம். ஐந்தாண்டு வளர்ச்சியின் தொடக்கப் புள்ளி 2020-21 என்றால், பொதுமுடக்கத்தால் விழுந்த எண்ணிலிருந்து அளக்கிறீர்கள். ஓட்டல், திரையரங்கு, விமானம் ஆகியவற்றுக்குத் தொடக்கத்தை 2019-20-க்கு நகர்த்துங்கள்.

சில விஷயங்களுக்கு ரேங்க் போடவே கூடாது. புரமோட்டர், அதாவது கம்பெனியைத் தன் பிடியில் வைத்திருக்கும் முதன்மை உரிமையாளர், தன் பங்கில் பெரும்பகுதியை அடமானம் வைத்திருப்பது, தணிக்கையாளர் பாதியில் விலகியது, ஐந்தாண்டுகளில் காட்டிய லாபத்தில் பாதிகூட ரொக்கமாக வராதது ஆகியவற்றை ஒரு புள்ளியாக்கிச் சராசரியில் கரைத்துவிடாதீர்கள். வாசலிலேயே நிறுத்த வேண்டியவர்கள் அவர்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை

வருடத்துக்கு நான்கு முறை போதும். ஒவ்வொரு முறையும் பட்டியலைத் தேதியிட்டுத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். பழைய கோப்பின்மேல் புதியதை எழுதினால், உங்கள் முறை வேலை செய்ததா என்று பிறகு பார்க்க வழியே இருக்காது. இன்றைய நிஃப்டி 500 பட்டியலை வைத்துப் பத்தாண்டு முந்தைய கணக்கைச் சோதித்தால் விடை எப்போதும் அழகாக வரும். இடையில் விழுந்து பட்டியலிலிருந்து வெளியேறிய கம்பெனிகள் அதில் இல்லையே.

ரேங்க் சற்று இறங்கியதும் விற்கும் பழக்கமும் வேண்டாம். சந்தையில் 80-க்கு மேல் இருந்தால் வாங்கத் தகுதி, 60-க்குக் கீழே இறங்கினால்தான் விற்பனை பற்றி யோசனை என்று இரு கோடுகள் வையுங்கள். 2024 ஜூலை 23 முதல் ஓராண்டுக்குள் விற்ற லாபத்துக்கு 20 சதவீதம் வரி. ஓராண்டைக் கடந்தால், ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம். 82-லிருந்து 77-க்கு இறங்கிய பங்கை விற்று 83-இல் இருப்பதை வாங்கினால், அந்த வித்தியாசத்தை வரியும் தரகும் தின்றுவிடும்.

முதல் முறை செய்யும்போது 500 கம்பெனிகளோடு தொடங்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு துறை, எட்டுக் கம்பெனிகள், நான்கு அளவுகோல்கள். எண்களை ஆண்டறிக்கையிலிருந்து கையால் எடுத்து நிரப்புங்கள். தரவுத் தளம் தரும் எண்ணோடு உங்கள் எண் எங்கெல்லாம் ஒத்துப்போகவில்லை என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் கண்டுபிடியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும். ஆனால் அடுத்த முறை தளத்திலிருந்து 500 வரிகளை இறக்கும்போது, எந்தக் கட்டத்தைச் சந்தேகப்பட வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.